அண்ணன் பெயர் ஏன் மேலே?

கேள்வி: இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் போகிறேன். புதைபடிவங்களைத் தோண்டியெடுத்த மேரி அன்னிங்கின் கல்லறைக் கல்லில் அண்ணன் பெயரை மேலே போட்டு, அவரைக் கீழே தள்ளியிருக்கிறார்களாமே. பெண் என்பதால்தானே? எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: சாக்பீஸைக் கரூரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கல்லின் நுண்துளைகளில் புகுந்த பொடி லேசில் வெளியே வராது. பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து உதிரும். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கிட்டேயே வரக்கூடாது. டார்ச் ஒன்று போதும். நேர் எதிரே பிடித்தால் எழுத்து தட்டையாகிவிடும். கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட அதை ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். பகலில் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கத்திலிருந்து திருப்பலாம்.

இனி அந்தக் கோபம். கல்லில் உள்ள தேதிகளைப் பாருங்கள். மேரி இறந்தது 1847 மார்ச் 9, வயது 47. அண்ணன் ஜோசப் இறந்தது 1849 ஜூலை 5, வயது 53. பிந்திப் போனவர் மேலே இருக்கிறார் என்றால் வாசகம் 1849-க்குப் பிறகு எழுதியது. முதலில் அவர், அடுத்து சிசுவிலேயே இறந்த 3 குழந்தைகள், பிறகு 'மேற்படியாரின் சகோதரி' மேரி. அண்ணன் சும்மா வந்து ஒட்டிக்கொண்டவரும் அல்ல. 1811-இல் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் மண்டையோட்டைக் கண்டெடுத்தது அவர்தான். மறு ஆண்டு உடலைக் கண்டுபிடித்தது மேரி.

பெண் என்பதால் ஒதுக்கியதற்குச் சண்டை போட வேண்டுமானால் லண்டனுக்குப் போங்கள். அங்குள்ள நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-இல். அதன் உறுப்பினர்கள் பணம் போட்டு, மேரி நினைவாக 1850-இல் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். அது லைம் ரீஜிஸில் கல்லறை உள்ள அதே புனித மைக்கேல் தேவாலயத்துக்குள் இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். பசித்தவருக்கு உணவு, நோயாளியைப் பார்க்கப் போவது என்று 6 கருணைச் செயல்கள் அதில் உண்டு.

குடும்பத்தையும் தேடுவீர்களானால் ஒரு எச்சரிக்கை: மேரி அன்னிங் ஒருவர் அல்ல, மூவர். 1842-இல் இறந்த தாய்க்கும் அதே பெயர், வீட்டில் மோலி. தகப்பனார் மரச்சாமான் செய்தவர்; 1798 டிசம்பரில் மரச்சீவல் கிடந்த அறையில் உடையில் தீப்பற்றி இறந்த 4 வயது மூத்த மகளும் மேரிதான். ஐந்து மாதம் கழித்துப் பிறந்த நம் மேரிக்கு வைத்தது அவள் பெயர். பெயரை நம்பாதீர்கள், வயதைப் பாருங்கள்.