டிக்கெட் இல்லாத பந்தயம்

அன்புள்ள ஐயா,
பழைய ஃபெராரி, ஆல்ஃபா ரோமியோ படங்களைப் போட்டு "எங்கள் ஊர் வழியாகப் போன கார்" என்று இத்தாலியர்கள் உருகுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஃபெராரியின் 250 ஜி.டி.ஓ. மாடலில் ஒரு கார் 400 கோடி ரூபாய்க்கு மேல்கூடப் போயிருக்கிறது. பணக்காரர்களின் பொம்மைக்கு இவர்கள் ஏன் கண்கலங்க வேண்டும்?
முரளி

அன்புள்ள முரளி,

விலையை வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது சரிதான். 250 ஜி.டி.ஓ. மொத்தமே 36தான் செய்தார்கள், வாங்கியவர்கள் யாரும் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. ஆனால் அந்தப் படங்களை எடுத்தது யார்? பெரும்பாலும் சாலையோரத்தில் நின்றவர்கள்.

மில்லே மில்யா என்ற பந்தயம் 1927இல் தொடங்கியது. வட இத்தாலியில் உள்ள பிரெஷாவில் கிளம்பி ரோம் வரை போய்த் திரும்பி பிரெஷாவுக்கே வரவேண்டும், சுமார் 1600 கிலோமீட்டர், எல்லாம் மாட்டுவண்டியும் சைக்கிளும் போகிற சாதாரண சாலை. டிக்கெட் கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பந்தயமே வீட்டைத் தாண்டிப் போகும். சின்ன கார்கள் முந்தின இரவே கிளம்பிவிடும், பெரிய ஃபெராரிகள் விடிந்த பிறகு.

எனக்கு ரொம்பப் பிடித்தது காரின் மேல் எழுதிய எண்தான். பிற்கால ஓட்டங்களில் அது அந்தக் கார் கிளம்பிய நேரம். 722 என்றால் காலை 7:22. கையில் கடிகாரம் இருந்தால் போதும், ஓரமாக நிற்கிறவரே யார் முந்துகிறார் என்று கணக்குப் போட்டுவிடலாம். (1955இல் ஸ்டிர்லிங் மாஸ் என்ற ஆங்கிலேயர் 722ஐ ஓட்டி 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஜெயித்தார். கார் ஜெர்மனியின் மெர்சிடிஸ், அதனால் இத்தாலியர்கள் இதை அவ்வளவாகப் பேசமாட்டார்கள்.)

அப்புறம் அந்தக் கார்கள் கையால் செய்தவை. மோதெனா நகரில், ஃபெராரிகளுக்கு மேற்கூடு செய்த ஸ்காலியெத்தி பட்டறையில் மணல் மூட்டை மேல் அலுமினியத் தகட்டை வைத்து, வரைபடத்தைவிடக் கண்ணை நம்பித் தட்டி எடுத்தார்கள். ஒரே மாடலில் இரண்டு கார்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. அதனால்தான் நீங்கள் சொல்லும் 400 கோடிக் கார் நிஜமாகவே அந்தக் கார்தானா, மேற்கூட்டில் காற்றுத் துளை அப்போதே இருந்ததா, பிற்பாடு வெட்டியதா என்று பார்க்க, யாரோ பெட்டிக்குள் போட்டு வைத்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடுகிறார்கள்.

எனக்கு இந்த உருகல்காரர்கள் மேல் வேறொரு குறை உண்டு. படங்களில் மக்கள் எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள், பார்த்தீர்களா? ஒரு கயிறுகூட இல்லை. 1957 மே 12, குய்திட்சோலோ ஊருக்குப் பக்கத்தில், பிரெஷா எட்டிவிடும் தூரம்தான், 531 எண் ஃபெராரியின் டயர் வெடித்தது. ஓட்டிய தெ போர்தாகோவும் உடன் இருந்த நெல்சனும் இறந்தார்கள். வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும், அதில் ஐந்து குழந்தைகள். பழைய பந்தயம் அதோடு நின்றது. ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி மேல் வழக்குப் போட்டு, 1961இல்தான் விடுவித்தார்கள். நினைவுகளை இனிக்க இனிக்க எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. பொம்மை என்று நீங்கள் சொல்வதும் இங்கேதான் எனக்கு ஒட்டவில்லை.

1977 முதல் அந்தப் பழைய கார்களை வைத்து மறுபடி நடத்துகிறார்கள். வேகப் போட்டி அல்ல, குறித்த நேரத்துக்குக் குறித்த இடம் சேரவேண்டும். ஓட்டுகிறவர்கள் பணக்காரர்கள்தான், மறுக்கவில்லை. சாலையோரம் நிற்க இன்னும் காசு கேட்பதில்லை.