மெசி 35-க்கு ஜெனரேட்டர் எஞ்சின் பொருந்துமா?

வணக்கம் நண்பரே. உங்கள் பழைய மெசி ஃபெர்குசன் 35 டிராக்டரில் உள்ள நாலு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் 23சி எஞ்சின் குளிர் நேரத்தில் கிளம்பவே அடம்பிடிக்கிறது, ஜெனரேட்டரில் இருந்து கழற்றிய மூணு சிலிண்டர் சிம்சன் எஞ்சின் கைவசம் இருக்கிறது, மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டலாம். 1959 கடைசியில் கம்பெனியே 23சியை விட்டுவிட்டு, மூணு சிலிண்டர் பெர்கின்ஸுக்கு மாறியது. சிம்சனும் பெர்கின்ஸ் டிசைனில் வந்த வம்சம்தான்.

ஆனால் முதலில் கீழே குனிந்து ஜெனரேட்டர் எஞ்சினின் சம்ப்பை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது; முன் ஆக்சிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எஞ்சின்தான் முதுகெலும்பு. ஜெனரேட்டர் எஞ்சினில் தகரச் சம்ப் இருந்தால் அதை நம்பி முன்பக்கத்தைத் தொங்கவிட முடியாது. டிராக்டருக்கான வார்ப்பிரும்புச் சம்ப், எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் பின் தட்டு, ஃபிளைவீல் (கிளட்ச் உட்காரும் கனமான சக்கரம்), முன் ஆக்சில் தாங்கி எல்லாம் மூணு சிலிண்டர் வண்டியிலிருந்து ஒரே செட்டாக வாங்குங்கள். வெல்டிங் வைத்து ஒப்பேற்றலாம் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டீசல் பம்ப்பையும் பம்ப் கடையில் கொடுத்து செட் செய்தாக வேண்டும். அதில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், ஜெனரேட்டருக்காக 1500 ஆர்.பி.எம்.மிலேயே (நிமிடத்துக்கு 1500 சுற்று) நிற்கும்படி செட் செய்தது. உழவுக்கு ஆக்சிலரேட்டர் கேட்காது. கிளட்ச் சிங்கிளா டபுளா என்று வண்டியைப் பிரித்ததும் பாருங்கள், அதற்கேற்ற ஃபிளைவீல்தான் வேண்டும்.

பிரிக்கும் முன் முன் ஆக்சிலுக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடியுங்கள், இல்லாவிட்டால் முன்பாகம் சாய்ந்துவிடும். ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சம்ப் போட்டோ இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.