செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்டை மாடிஃபை செய்ய ஆசையா? முதல் செலவு எதற்கு?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2013 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இதைக் கொஞ்சம் கொஞ்சமாக என் கையாலேயே மாடிஃபை செய்ய ஆசை. ஒரு லட்சம் வரை செலவு செய்யலாம். 17 இன்ச் அலாய், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது, சவுண்ட் சைலன்சர், அதிக வாட்ஸ் ஹெட்லைட் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? ஆர்.டி.ஓ., போலீஸ் பிரச்னை வருமா?"

கற்றுக்கொள்ள ஸ்விஃப்ட் அருமையான கார். பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், இன்ஜின் பேவில் கை நுழைய இடம் இருக்கும், வேலை தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஆனால் நண்பர்கள் சொன்ன நான்கில் எதையும் முதல் வேலையாக எடுக்காதீர்கள். 90,000 கி.மீ. ஓடிய காரில் முதல் மாடிஃபிகேஷன், அது ஷோரூமிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்கு அதைக் கொண்டுவருவதுதான். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் ரப்பர்) கிழிந்திருக்கும் காரில் விலை உயர்ந்த டயரைப் போட்டாலும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். வந்த பலன் டயரால் வந்ததா, வராத பலன் புஷ்ஷால் வராமல் போனதா என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் "டொக் டொக்" என்று தட்டினால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் இந்த மூன்றையும் பாருங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் (டயரின் மேல்வரி) நிறைய இருந்தாலும் இத்தனை வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் பட்டனைத் தடவிப் பார்க்கிறார்களே தவிர இந்த நான்கு எண்களைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ அதற்கான வரம்பே 155 டிகிரிதான். ஊட்டியிலிருந்து மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி பெடல் தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும். உங்கள் காருக்கு எந்த வகை என்பது ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும். புது ஆயில், நல்ல கம்பெனி பிரேக் பேட், பின்பக்க டிரம்மைத் திறந்து சுத்தம், இவ்வளவும் உங்கள் பட்ஜெட்டில் சிறு தொகைதான். ஆனால் காரில் உடனே தெரியும் மாற்றம் இது.

இப்போது வீலுக்கு வருவோம். இதில் கணக்கு பார்க்காமல் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் காரின் டயர் 165/80 ஆர்14. 165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி 14 இன்ச் ரிம்மின் 355.6 மி.மீ.யைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. புது டயரின் விட்டம் இதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், கியர் விகிதமும் மாறியது போலாகும்.

இதே காரின் இசட்எக்ஸ்ஐ வகைக்கு மாருதியே கொடுத்த அளவு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் 621.5 மி.மீ., கிட்டத்தட்ட அச்சு அசலாக அதே விட்டம். என் பரிந்துரை இதுதான். நண்பர் சொல்லும் 17 இன்ச்சில் 205/45 போட்டாலும் விட்டம் 616 மி.மீ. வரும், கணக்கு தப்பாது. ஆனால் பக்கச் சுவர் 132 மி.மீ.யிலிருந்து 92 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். திருப்பூர் சாலைப் பள்ளத்தில் அடி வாங்கப்போவது காற்று அல்ல, ரிம். ஒரு பெரிய பள்ளத்தில் ரிம் நெளிந்து டயரின் பக்கமும் வீங்கும். வீல் கனமாகிவிட்டால் 1.2 லிட்டர் இன்ஜின் அதை உருட்டவே திணறும், மைலேஜும் குறையும்.

அலாய் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று பிசிடி, அதாவது போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டம்: ஸ்விஃப்டுக்கு 4 போல்ட், 100 மி.மீ. இரண்டாவது ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்ற அளவு: கம்பெனி வீலிலிருந்து அதிகம் மாறினால் டயர் ஃபெண்டரில் உரசும், பேரிங்கும் சீக்கிரம் போகும். மூன்றாவது நடு ஓட்டை: ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிமார்க்கெட் அலாய்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடாமல் மாட்டினால் வீல் நடுவில் சரியாக உட்காராது, 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது. கழற்றிய வீல், டயரை ஓர் இடத்தில் பாதுகாப்பாக வையுங்கள்; காரிலிருந்து கழற்றும் எந்த ஒரிஜினல் பார்ட்டையும் விற்காதீர்கள். தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு. உங்கள் கார் 2028இல் புதுப்பித்தலுக்காக ஆய்வுக்குப் போகும்போது அவை வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது வேண்டவே வேண்டாம். ஒரு சுற்றை அறுத்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கென்றே செய்யப்பட்டது. அதனால் அடக்க முடியாமல் கார் துள்ளும். சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகரவும் கூடும். 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கே அளவானதுதான்.

ஹெட்லைட்டுக்கு முதலில் மஞ்சள் படிந்த கண்ணாடியை பாலிஷ் போடுங்கள், பிறகு ஃபோகஸை செட் செய்யுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். ஹெச்4 பல்பின் சட்டப்படியான அளவு 60/55 வாட்ஸ். 100 வாட்ஸ் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கம்பெனி வயரும் ஹோல்டரும் அதைத் தாங்காமல் உருகும், எதிரே வருபவரின் கண்ணும் கூசும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி போட்டாலும் வெளிச்சம் சிதறும்.

ஸ்டீரியோ மாட்டுவது வீட்டில் செய்யத் தொடங்க நல்ல வேலை. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகே வயரைத் தொடுங்கள். ஒரிஜினல் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது, வெயிலில் பசை இளகி, வயர் விலகி, தீ வரைக்கும் போகும். வயரை வெட்டாமல் செருகி இணைக்க மாருதிக்கென்றே கப்ளர் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்து, ஃபியூஸை ஆம்ப் பக்கம் வைக்காமல் பேட்டரியை ஒட்டியே வையுங்கள். வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்றப்போவது அந்த ஃபியூஸ்தான். கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம்: சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவாக முறுக்கும் கருவி), ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள்.

சட்டம் இதில் கறாராகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சவுண்ட் சைலன்சர், புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புக் கம்பி) இரண்டும் ரோட்டில் நிறுத்திப் பிடிக்கப்படுபவை. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வீல், ஸ்டீரியோ எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். எலக்ட்ரிக்கல் பொருட்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பிரீமியம் கட்டினால்தான் அவை பாலிசிக்குள் வரும். சொல்லாமல் மாட்டி அதனால் தீப்பிடித்தால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

வேகம் வேண்டுமென்றால், 87 பிஎஸ் பெட்ரோல் இன்ஜினில் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றிக் கிடைக்கும் கூடுதல் சக்தியை நீங்கள் சீட்டில் உணரவே மாட்டீர்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கோவை செட்டிபாளையத்திலுள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்தில்தான். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய அந்த டிராக் 2003இல் திறக்கப்பட்டது, சுமார் 2.1 கி.மீ. நீளம். புது டயரும் புது பிரேக் ஆயிலும் போட்ட பிறகு, அங்கே பொதுவானவர்களை அனுமதிக்கும் நாளை விசாரித்து, ஹெல்மெட்டோடு போய் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காரில் அடுத்து எது குறைகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். ஒரு லட்சத்தையும் ஒரே மாதத்தில் செலவழிக்காமல், அதற்காக ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள்.