வாசகர் கேள்வி – பதில்: பதநீருக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கேள்வி: சித்திரைத் திருவிழா வாரத்தில் நான்கு ஊர்களிலிருந்து பதநீர் வரவழைத்து, எங்கள் குடியிருப்பில் சுவைப் போட்டி வைக்க நினைக்கிறோம். பீர் போட்டிகளில் நடுவர்கள் மதிப்பெண் போடும் முறையையே பின்பற்றலாம் என்கிறான் ஜெர்மனியில் படிக்கும் என் மகன். அது பதநீருக்குப் பொருந்துமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: தாராளமாகப் பொருந்தும். 1985-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் தாளில் மொத்த மதிப்பெண் 50. அதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10, வாயில் உணரும் தன்மைக்கு 5, தோற்றத்துக்கு வெறும் 3. இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுவைக்கான 20-இல் பாதியை, விழுங்கிய பிறகு நாவில் நிற்கும் சுவைக்கென்று தனியே ஒதுக்கிவிடுங்கள். பதநீரில் நல்லதும் கெட்டதும் பிரிகிற இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வாயில் எல்லாப் பதநீரும் இனிப்பாகத்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றிச் சாக்கரின் கலந்த பதநீர், நல்ல பதநீரைவிடக் கூடுதலாகவே இனிக்கும். விழுங்கிய பின் பத்து எண்ணும் வரை காத்திருந்தால், சாக்கரினின் இனிப்பு அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கசப்பாக மாறுவதை உணரலாம். பனையின் சொந்த இனிப்போ விரைவில் விலகி, இளம் கருப்பட்டியை நினைவூட்டும் வாசனையை மட்டும் விட்டுச் செல்லும். பீர் நடுவர்கள் பெரும்பாலும் துப்பாமல் விழுங்கியே மதிப்பிடுவதற்கும் காரணம், கடைசியாக நிற்கும் சுவையை அறிய வேண்டும் என்பதுதான்.

அடுத்தது சுண்ணாம்பு. பாளையிலிருந்து சாறு சொட்டத் தொடங்கியதுமே நொதிக்க ஆரம்பித்துவிடும் என்பதால், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார்கள். அளவு குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் நாக்கு காறும். அளவறிந்து தடவுவது பனையேறியின் கைத்திறன் என்பதால், அதற்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுக்கத் தயங்காதீர்கள். அழகர்கோவில் சாலையில் புளியமரத்தடியில் விற்ற பெரியவர் ஒருவரிடம் சென்ற பங்குனியில் ஒரே பானையிலிருந்து இருமுறை வாங்கிக் குடித்தேன். முதலில் ஊற்றியது தெளிந்து, மணத்துடன் இருந்தது. பானை அடிமட்டத்துக்கு வந்தபின் ஊற்றியது வெள்ளையாகக் கலங்கி, வெற்றிலை போட்ட வாய் போலச் சுறுசுறுவென்றது. சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும் என்பதை அன்றுதான் நாக்கால் அறிந்தேன். ஆகவே நான்கு பானைகளிலும் நடுமட்டத்திலிருந்தே மாதிரி எடுத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றிலும் சில துளிகளை வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரே அளவு மஞ்சள்தூளைக் குழைத்துப் பாருங்கள்; எது அடர்ந்து சிவக்கிறதோ அதில் சுண்ணாம்பு தூக்கல்.

ஐஸ் போடவே கூடாது. குளிர்ச்சி மிகுந்தால் மணம் அடங்கிவிடும், இனிப்பும் மங்கிவிடும், குறைகள் மறைந்துகொள்ளும். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும். பனையோலைப் பட்டையில் குடிப்பதைப் போன்ற சுகம் வேறில்லை என்றாலும், ஓலையின் பச்சை வாசனை பதநீரோடு கலந்துவிடும் என்பதால், மதிப்பிடும்போது கண்ணாடித் தம்ளரில் கால் பங்கு மட்டும் ஊற்றி, ஊர்ப் பெயரை மறைத்து எண் மட்டும் ஒட்டுங்கள். மதிப்பெண் எழுதி முடித்த பிறகு ஆளுக்கொரு பட்டை நிறையக் குடிக்கலாம். நுங்கையும் அதுவரை தொடாதீர்கள்.

கேள்வி: காலையில் வாங்கிய பதநீர் மாலையில் நுரைத்துப் புளிப்பு வாடை அடிக்கிறது. போட்டிக்கு வைக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: வைக்கக் கூடாது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதால்தான் அந்த நுரை எழுகிறது. பீர் வடிப்பவர் இதே வேலையைக் கணக்கறிந்து நடத்துகிறார். உங்கள் பானையிலோ அது தானாக நடந்திருக்கிறது. அது கள்ளாகும் வழியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், பிள்ளைகளும் முதியவர்களும் கூடும் நிகழ்ச்சியில் அதை ஊற்றுவது எவ்வகையிலும் தகாது. விடியலில் இறக்கியதைக் காலை எட்டு மணிக்குள் சுவைத்து முடிக்கும்படி போட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்றைச் சுவைத்த பிறகு அடுத்ததன் சுவை சரியாகத் தெரிவதில்லை. இடையில் என்ன சாப்பிடுவது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உப்பில்லாத பொரி ஒரு பிடி, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய். முறுக்கு, மாங்காய்த் துண்டு, காப்பி ஆகிய மூன்றும் நாக்கை மழுங்கடித்துவிடும். முந்தைய அரைமணி நேரத்தில் வெற்றிலை போட்டவரை நடுவராக உட்கார வைக்காதீர்கள். அவர் வாயில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறது.