குங்குமப் பொட்டு ஏன் கறுத்தது?

கேள்வி: மூடிவிட்ட சினிமா லேப் ஒன்றின் பழைய சாமான்களோடு, பிரிக்காத டப்பாவில் 100 அடி 35 எம்.எம். கறுப்பு வெள்ளை ‘பாசிட்டிவ்’ பிலிம் கிடைத்தது. பிலிமின் வேகம் 100 ஏ.எஸ்.ஏ. என்று கேமராவில் வைத்து ஒரு ரோல் எடுத்து, டி-76 டெவலப்பரில் 8 நிமிடம் கழுவினேன். பாதிப் படங்கள் விழவே இல்லை. விழுந்ததில் அம்மாவின் குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகிவிட்டது. பிலிம் கெட்டுவிட்டதா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பிலிம் மேல் பழி போடாதீர்கள். அது கேமராவுக்கென்று பிறந்ததே இல்லை. நெகட்டிவிலிருந்து தியேட்டருக்குப் பிரிண்ட் போடத் தயாரித்தது. பிரிண்டிங் மெஷினில் விளக்கு பக்கத்திலேயே எரிகிறது, வேகம் எதற்கு? நம் கணக்கில் 6 ஏ.எஸ்.ஏ. தேறினால் அதிகம். நீங்கள் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு) பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

உச்சி வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப் 5.6, ஷட்டர் 1/60 வினாடி வையுங்கள். நிழலுக்குப் போனால் அதே 5.6இல் 1/8 ஆகிவிடும், ட்ரைபாட் வேண்டும். வெளிச்சம் அளக்கும் மீட்டரில் 6 இல்லையென்றால் 25இல் வைத்து, அது காட்டுவதைவிட இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். சாயங்கால மஞ்சள் வெயிலில் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இந்தப் பிலிமுக்கு நீலம்தான் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு தெரியாது. குங்குமம் இருந்த இடத்தில் நெகட்டிவில் ஒன்றும் பதியவில்லை, பிரிண்டில் அது கறுப்பு. மஞ்சள் பூசிய முகமும் கொஞ்சம் கறுக்கும். நீல வானம் வெள்ளைத்தாள் ஆகும். ஊமைப்பட நடிகைகளின் உதடு மை தடவியதுபோல் இருப்பதும் இதே கதைதான்.

அந்தக் குறையே கழுவும்போது வரம். சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு, தட்டில், கண்ணால் பார்த்துக் கழுவலாம். முதலில் ஒரு துண்டு பிலிமின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, விளக்கடியில் 10 நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு ஆகாது.

டி-76ஐ நேராக ஊற்றினால் சுண்ணாம்பும் கரியுமாகத்தான் வரும். நான் ரோடினால் என்ற டெவலப்பரை 1:100 கலக்கிறேன், அதாவது 500 மில்லிக்கு 5 மில்லி. மே மாதத்துக் குழாய்த் தண்ணீர் வெந்நீர் மாதிரி வருமே, அதனால் டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட பேசினில் நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பருக்குள்ளேயே ஐஸைப் போட்டுவிடாதீர்கள், கலவை நீர்த்துப்போகும். ஆறேழு படத்துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஊஞ்சல்போல் ஆட்டுங்கள். 8 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். சிவப்பு வெளிச்சம் ஏமாற்றும். முதல் ரோலில் “ஐயோ, கறுத்துவிட்டதே” என்று பதறி எடுத்து, பிம்பத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் போட்டேன். வெளியே வந்து பார்த்தால் சிலந்தி வலை மாதிரி இருந்தது. கறுத்துவிட்டது என்று தோன்றிய பிறகும் கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் ஒன்று. பிலிமின் ஒரு துண்டைக் கையால் கிழித்துப் பாருங்கள். கிழியவில்லையென்றால் பாலியெஸ்டர். ரோல் முடிந்ததும் லீவரை இழுத்துப் பார்க்காதீர்கள். பிலிம் அறாது, கேமராவின் பல்சக்கரம்தான் போகும்.

கேள்வி: இல்ஃபோர்ட் பான் எஃப் பிளஸ் 50 ஒரு ரோல் எடுத்து, ஒன்றரை வருடம் கழித்துக் கழுவினேன். படங்கள் வெளிறியிருக்கின்றன, ஓரத்து எண்களையே காணோம். (புதுச்சேரி வாசகி)

பதில்: கழுவாமல் வைத்ததுதான் காரணம். அந்தப் பிலிமில் பதிந்த பிம்பம் சீக்கிரம் மங்கும். மூன்று மாதத்துக்குள் கழுவிவிடும்படி கம்பெனியே சொல்கிறது. எடுக்காத ரோலைப் பத்திரமாக வைத்திருக்கலாம். எடுத்த ரோலைப் பீரோவில் தூங்கவிடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு மெதுவான பிலிமில் அப்படி என்ன லாபம்? செல்போன் போதாதா? (ஈரோடு வாசகர்)

பதில்: தாராளமாகப் போதும். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். ஒரு பழைய சந்தைக் கொட்டகைக்குள் இதே 6 ஏ.எஸ்.ஏ. பிலிமை ட்ரைபாடில் வைத்து, எஃப் 16இல் 30 வினாடி திறந்துவிட்டேன். அன்று சரியான கூட்டம். கழுவிப் பார்த்தால் ஒரு ஆள் இல்லை. வெங்காய மூட்டைகளும், அவற்றின் சணல் இழை இழையாகவும், தராசுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த நாயும் மட்டும் இருந்தன. நாயின் வால் மட்டும் இல்லை. நடுவில் ஆட்டியிருக்கிறது.