கம்பெனி கையெழுத்து இல்லாமல் சொந்தப் பாட்டை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி இது: "எந்த இசை கம்பெனியோடும் ஒப்பந்தம் போடாமல், தானே பாட்டு எழுதித் தானே பாடி, அதை மட்டுமே நம்பிக் காலம் தள்ளியவர்கள் யாராவது உண்டா? எவ்வளவு சம்பாதிப்பார்கள்?"

உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஆனி டிஃபிராங்கோ. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்துக்காரர், 1970-ல் பிறந்தவர். நான் இருக்கும் டொரொண்டோவிலிருந்து எல்லைப் பாலத்தைத் தாண்டினால் அவர் ஊர், ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. அவரைப் பற்றி இவ்வளவு தேடிப் படித்ததற்குக் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பது வயதிலேயே கிட்டார் வாத்தியாரோடு சேர்ந்து உள்ளூர் பார்களில் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தவர். பதினைந்து வயதில் சட்டப்படி பெற்றோர் பொறுப்பிலிருந்து விலகித் தனியாக வாழத் தொடங்கினார். 1990-ல் முதல் கேசட். 500 பிரதி போட்டு, கச்சேரி முடிந்ததும் வந்தவர்கள் கையில் விற்றார். அதோடு ரைட்டியஸ் பேப் ரெகார்ட்ஸ் என்று சொந்த லேபிளும், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியும், தொடங்கினார், இருபது வயதில்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கல்லூரிகள், காபிக் கடைகள், சின்ன பார்கள். ஒரு ஊரில் இருபது பேர் வந்து கேட்டால் ஆளுக்கொரு கேசட் வாங்கிப்போய் நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள், அடுத்த முறை அதே ஊருக்குப் போனால் கூட்டம் கூடியிருக்கும். கேசட் வேண்டுமென்றால் போனில் ஆர்டர் கொடுக்க ஒரு இலவச எண் வைத்திருந்தார், அதையே எழுத்தில் படித்தால் 1-800-ஆன்-ஹெர்-ஓன், அதாவது 'தன் சொந்தக் காலில்'. 90களில் வருஷத்துக்கு ஒரு ஆல்பமாவது வந்துகொண்டிருந்தது. 1997-ல் வந்த 'லிவிங் இன் கிளிப்' என்ற மேடைப் பதிவு ரெட்டை ஆல்பம், கோல்டு என்ற தகுதியைத் தொட்டது. அங்கே அதற்கு விற்பனையில் 5 லட்சம் என்ற கணக்கு வேண்டும். அடுத்த வருஷ ஆல்பம் பில்போர்டு என்ற அமெரிக்க ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் 22-ஆம் இடத்தில் நுழைந்தது. பெரிய கம்பெனிகள் அழைத்தும் போகவில்லை.

சம்பாத்தியம் கேட்டீர்களே. ஆல்பத்தில் ஒரு பிரதி விற்றால் அவருக்கு 4.25 டாலர் நிற்கிறது, பெரிய கம்பெனி நட்சத்திரங்களுக்குக்கூட அவ்வளவு இல்லை என்று பத்திரிகைகள் அந்தக் காலத்தில் அதையே திரும்பத் திரும்ப எழுதின. 'மிஸ்' என்ற பெண்ணிய இதழும் 1997-ல் அவரைப் பாராட்டும்போது அதையே சொல்ல, அவர் மனம் நொந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நான் பாட்டுக்காரி, நாளைக்கே செத்துப்போனால் என் கல்லறையில் 'சி.ஈ.ஓ.' என்று பொறித்துவிட மாட்டீர்களே என்று கேட்டிருந்தார். பணம்தான் குறி என்றால் பெரிய கம்பெனியில் சேர்ந்து இதைவிட அதிகம் பார்த்திருக்கலாம் என்பதும் அவர் வாதம். அது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு பிரதிக்கு எவ்வளவு நிற்கிறது என்பது ஒரு கணக்கு, எத்தனை பிரதி போகிறது என்பது வேறு கணக்கு. முதல் கணக்கை மட்டும் காட்டி யாராவது உங்களுக்கு ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, தனியாக நிற்பது என்றால் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்வது இல்லை. அவருக்கு மேனேஜர் இருந்தார், கடைகளுக்குச் சரக்கு அனுப்ப வெளி விநியோகஸ்தர்கள் இருந்தார்கள், பஃபலோவிலேயே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒரு பாரமும் இருக்கிறது. லேபிள் உங்களுடையது என்றால் கை வலிக்கிறது, ஆறு மாதம் பாட மாட்டேன் என்று சுலபமாகச் சொல்ல முடியாது. நகத்தில் ஒட்டு நகம் வைத்து அதன்மேல் எலக்ட்ரிகல் டேப் சுற்றி அவர் கிட்டாரை அடிக்கிற அடிக்கு, தசைநாண் அழற்சி வந்து ஓய்வெடுக்க வேண்டிய காலமும் வந்தது.

கேட்பவர்களை நேரடியாக நம்பி வாழ்ந்தால் அவர்கள் நேரடியாகக் கேள்வியும் கேட்பார்கள். 2013 டிசம்பரில், அடிமைகளை வைத்து வேலை வாங்கிய ஒரு பழைய லூசியானா தோட்ட மாளிகையில் பாட்டு எழுதும் முகாம் நடத்தப்போகிறார் என்று தெரிந்ததும் ரசிகர்களே கொதித்தெழுந்தார்கள். முகாமை ரத்து செய்தார், ஆனால் முதல் விளக்கம் மழுப்பலாக இருந்ததால் கோபம் அடங்கவில்லை, சில நாளில் சரியான மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன்.

சரி, என் காரணம். இருபத்து மூன்று வயதில் நான் எழுதிப் பாடிய நான்கு பாட்டுகளை ஒரு சின்ன கம்பெனிக்குக் கொடுத்தேன். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, மாஸ்டர் என்கிற மூல ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை என்பதே அப்போது தெரியாது. மாஸ்டர் மொத்தமும் காலவரையின்றி அவர்களுக்கு என்று இருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பெனி இன்று இயங்கவில்லை, போன் எடுக்க ஆள் இல்லை. என் குரலில் இருக்கும் அந்த நான்கையும் நானே எங்கும் ஏற்ற முடியாமல் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனியின் 1990 கேசட்டில் இருந்தவை இன்றும் அவருடையவை என்று படித்த அன்று ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இடிக்கப்பட இருந்த ஒரு 19-ஆம் நூற்றாண்டு தேவாலயத்தை அவரும் மேனேஜரும் பஃபலோவில் வாங்கிப் புதுப்பித்து, 2006-ல் கச்சேரிக் கூடமாகத் திறந்தார்கள், பேப்வில் என்று பெயர். லேபிள் ஆபீசும் அங்கேயே வந்தது. ஒரு கச்சேரிக்காக அங்கே போய் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன், பாடியது ஆனி இல்லை, வேறொருவர். அந்த லேபிளில் மற்றவர்கள் ஆல்பமும் வரும். தனக்குக் கல்லூரியில் கவிதை சொல்லிக்கொடுத்த செகு சுந்தியாட்டாவின் ஆல்பத்தை வெளியிட்டார். 2010-ல் அனாய்ஸ் மிட்செல் என்ற, அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத பாடகியின் 'ஹேட்ஸ்டவுன்' ஆல்பத்தை வெளியிட்டு அதில் பெர்செபொனி என்ற பாத்திரமாகவும் பாடினார். அது இசை நாடகமாகி 2019-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய், டோனி என்ற நாடக விருது எட்டு வாங்கியது. 2024-ல் ஆனி பிராட்வே மேடையிலேயே அதே பெர்செபொனியாக நடித்தார், 53 வயதில்.