ஜியோசிட்டீஸ் வெஸ்ட்ஹாலிவுட் பக்கம் வேபேக் மெஷினில் வரவில்லையா?

ஜியோசிட்டீஸ் என்ற பழைய இலவச இணையப்பக்கச் சேவையில் நண்பர் வைத்திருந்த பக்கத்தை, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடியும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பயனர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பழைய 'தெரு முகவரி'யைப் போடுங்கள். அங்கே பக்கங்களைப் பொருள்வாரியாகப் 'பேட்டை'களாகப் பிரித்து, வீட்டு எண் போல ஓர் எண் கொடுத்திருந்தார்கள். உங்கள் நண்பரின் பக்கம் 1998இல் போட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் அது ஜியோசிட்டீஸ் டாட் காம் / வெஸ்ட்ஹாலிவுட் / நான்கு இலக்க எண் என்ற வடிவில்தான் இருந்திருக்கும். தன்பால், இருபால் ஈர்ப்பாளர்களுக்கென்று ஒதுக்கிய பேட்டை வெஸ்ட்ஹாலிவுட். பெயர் வைத்த முகவரியெல்லாம் 1999இல் யாஹூ வாங்கிய பிறகு வந்த வழக்கம்.

எண் நினைவில்லையா?

1. வேபேக் மெஷின் தேடல் பெட்டியில் அந்த முகவரியை வெஸ்ட்ஹாலிவுட் வரை போட்டு, அதற்குப் பின் ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி. சேமித்த முகவரிகள் பட்டியலாக வரும். பட்டியல் நீளம், பொறுமை வேண்டும்.

2. அதில் இல்லையென்றால் வெஸ்ட்ஹாலிவுட்டுக்கும் எண்ணுக்கும் நடுவில் 'ஹைட்ஸ்' சேர்த்துப் பாருங்கள். பேட்டை நிரம்பியபோது முளைத்த உட்பேட்டைகளில் ஒன்று.

பக்கம் கிடைத்தாலும் விருந்தினர் பதிவேடு பெரும்பாலும் திறக்காது, படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியலாம். 2009 அக்டோபர் 26இல் ஜியோசிட்டீஸை மூடுவதற்குள், வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவும், மூடப்படும் தளங்களைச் சேமிக்கும் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களும் அவசரமாக அள்ளியதில் இவ்வளவாவது மிஞ்சியதே பெரிது.

கிடைத்ததும் பொதுவில் பகிர்ந்துவிடாதீர்கள். வீட்டில் சொல்லாதவர்கள்கூட அங்கே சொந்தப் பெயரில் எழுதியிருக்கலாம். முதலில் நண்பரிடம் கேளுங்கள்.